முதலில் உயிர், பிறகு கழுவல்

அச்சுவேலியிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார்: "கூடங்குளத்திலோ கல்பாக்கத்திலோ ஏதும் வெடித்தால் எங்கள் பக்கம் என்ன நடக்கும்? கனடாவில் இருக்கிற தம்பி அயடீன் குளிசை வாங்கி அனுப்பட்டோ என்று கேட்கிறான். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் சேர்த்து எடுப்பிக்கலாமோ, டொக்டர்?"

எடுப்பிக்கலாம், ரீச்சர். தடை சொல்லமாட்டேன். ஆனால் என்னைக் கேட்டால் அந்தக் குளிசைக்கு முன்னால் பேசவேண்டியவை மூன்று இருக்கின்றன: உங்கள் ஒழுங்கையால் போகும் பழைய இரும்பு வியாபாரி, வைத்தியசாலை வாசல், உங்கள் கிணற்றடி.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். இரண்டும் தமிழ்நாட்டு அணுமின் நிலையங்கள்: கூடங்குளம் உங்களுக்குத் தென்மேற்கே, கல்பாக்கம் ஏறக்குறைய நேர் வடக்கே. நேர்கோட்டில் இரண்டுமே 300 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட. சோளகம் வீசும் மாதங்களில் காற்று கூடங்குளத்துப் பக்கமிருந்து வரும், வாடைக் காலத்தில் கல்பாக்கத்துப் பக்கமிருந்து. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகக் காற்று என்று வைத்தால், அங்கே கிளம்பும் தூசி இங்கே வர 15 மணித்தியாலமாவது செல்லும். வாடையோடு மழையும் சேர்ந்தால் அந்தத் தூசி நிலத்தில் இறங்கும் அளவு கூடும். ஆகவே 'தூரம்தானே, ஒன்றும் வராது' என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வரக்கூடியது என்ன என்பதைப் பிரித்துப் பார்க்கவேண்டும். 1986 ஏப்ரலில் செர்னோபில் அணுவுலை விபத்தில் கடும் கதிர்வீச்சு நோய் என்று உறுதிசெய்யப்பட்டவர்கள் 134 பேர். அவர்கள் எல்லோரும் ஆலை ஊழியர்களும் தீயணைப்பு, மீட்பு வேலைக்குப் போனவர்களும்தான். முதல் சில மாதங்களில் 28 பேர் அந்த நோயால் இறந்தார்கள். பக்கத்து நகரத்துச் சனத்தில்கூட ஒருவருக்கும் அந்த நோய் உறுதிப்படவில்லை. 300 கிலோமீட்டருக்கு அப்பால் உங்களுக்குச் சத்தியும் மயிர் கொட்டுதலும் வராது. வரக்கூடிய தொல்லை பாலிலும் கீரையிலும் மழைத்தண்ணீரிலும். அதற்குக் கீழே வருகிறேன்.

உண்மையான கதிர்வீச்சுக் காயம் அச்சுவேலியில் ஒருவருக்கு வருமென்றால் அது கடல் கடந்து வருவதைவிட ஓர் உரப்பைக்குள் வருவதற்குத்தான் சாத்தியம் அதிகம். இந்தியாவைப் பாருங்கள். கல்பாக்கத்து மறுசுத்திகரிப்பு ஆலையில் 2003 ஜனவரியில் ஆறு ஊழியர்களுக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சுப் பட்டது. 2009 நவம்பரில் கைகா அணுமின் நிலையத்தில் குடிநீர் இயந்திரத்துக்குள் கதிரியக்கமுள்ள ட்ரிடியம் கலந்திருந்தது. இரண்டும் மதிலுக்குள் நடந்தவை. டில்லி மாயாபுரியில் 2010 ஏப்ரலில் உயிர் போனது ஒரு பழைய இரும்புச் சந்தையில். டில்லிப் பல்கலைக்கழக இரசாயனத்துறையில் பல காலம் பாவிக்காமல் கிடந்த ஓர் ஆய்வுக் கருவியை ஏலத்தில் விற்றுவிட்டார்கள். உள்ளே கதிரியக்கமுள்ள கோபால்ட் 60 இருந்தது. வாங்கியவர்கள் ஈயத்துக்காக அதைப் பிரித்தார்கள். ஒருவர் அதன் துண்டொன்றைத் தன் பணப்பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார். பலர் வைத்தியசாலைக்குப் போனார்கள், ஒருவர் இறந்தார்.

தாய்லாந்தின் சமுத் பிரகானில் 2000ஆம் ஆண்டு நடந்ததும் இதே கதை. புற்றுநோய்ச் சிகிச்சை இயந்திரத்தின் தலைப்பகுதி இரும்புக் கடைக்குப் போய் மூன்று உயிர்களை எடுத்தது. எல்லாவற்றிலும் பெரியது பிரேசிலின் கொயானியா. 1987 செப்டெம்பரில், கைவிடப்பட்ட ஒரு சிகிச்சை நிலையத்திலிருந்து இரண்டு பேர் இயந்திரத்தைக் கழற்றி இரும்புக் கடைக்காரருக்கு விற்றார்கள். உள்ளேயிருந்த சீசியம் 137 தூள் இருட்டில் நீலமாக ஒளிர்ந்தது. கடைக்காரர் அதை உறவினருக்கெல்லாம் பகிர்ந்து கொடுத்தார். அவர்களில் ஓர் ஆறு வயதுப் பிள்ளை அந்தத் தூள் பட்ட கையோடு சாப்பிட்டது. இரண்டு கிழமையாக வைத்தியர்கள் ஒவ்வாமை, வெப்பமண்டல நோய் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் வரிசையாக எல்லோரும் நோயில் விழுவதைக் கவனித்தவர் கடைக்காரரின் மனைவி. அந்தச் சாமானைப் பைக்குள் போட்டு பஸ்ஸில் ஏறி சுகாதார அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். அவரும் அந்தப் பிள்ளையும் உட்பட நான்கு பேர் இறந்தார்கள். விளையாட்டு அரங்கொன்றில் 1,12,000 பேரைச் சோதித்ததில் 249 பேரில் கதிரியக்கத் தூசி இருந்தது. அந்தப் பெண்ணின் சந்தேகம் இல்லாவிட்டால் கணக்கு எங்கே போயிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

யாழ்ப்பாணத்தில் பழைய இரும்பு பெரிய தொழில். யுத்தம் விட்டுப்போன இரும்பைப் பொறுக்கி விற்றுச் சீவித்த குடும்பங்கள் வலிகாமத்தில் உண்டு. இன்று வைத்தியசாலைகளிலும் தொழிற்சாலைகளிலும் கழிக்கப்படும் கருவிகளும் அந்த வழியாகத்தான் போகின்றன. சாதாரண எக்ஸ்ரே இயந்திரத்துக்குப் பயப்படத் தேவையில்லை, மின்சாரம் நின்றால் அதன் கதிரும் நின்றுவிடும். கவனிக்கவேண்டியது, அளவுக்குச் சிறியதாக இருந்தும் தூக்க முடியாத பாரமுள்ள சாமான், ஏனென்றால் ஈயம் சுற்றியிருக்கலாம். மஞ்சள் நிறத்தில் மூன்று இதழ் விசிறி போன்ற அடையாளமோ, 2007இல் புதிதாக வந்த, மண்டையோடும் ஓடுகிற மனிதனும் வரைந்த சிவப்பு முக்கோணமோ உள்ள பெட்டியையும் விட்டு விலகுங்கள். நெருப்பில்லாமல் சூடாக இருக்கும் உலோகத் துண்டும் அப்படித்தான். ஜோர்ஜியா நாட்டில் 2001 டிசெம்பரில் காட்டுக்கு விறகு வெட்டப் போன மூவர், பனியை உருக்கிக்கொண்டு கிடந்த இரண்டு உருளைகளைக் கண்டு, குளிர்காயப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தார்கள். அவற்றுக்குள் இருந்தது கதிரியக்கமுள்ள ஸ்ரொன்ரியம் 90.

கண்ணிவெடி காலத்தில் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடமே இங்கும் போதும்: தொடாதே, கிட்டப் போகாதே, பெரியவர்களுக்குச் சொல். குறைந்தது 30 மீற்றர் விலகி, மற்றவர்களையும் விலக்கி, பொலிசாருக்கு 119இலும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117இலும் அறிவியுங்கள். அவர்கள் இலங்கை அணுசக்தி ஒழுங்குறுத்தல் பேரவையைக் கூப்பிடுவார்கள். தயவுசெய்து அதைப் புதைக்காதீர்கள், பாழ்கிணற்றிலும் கடலிலும் போடாதீர்கள். தொட்டவர்கள் வீட்டுக்குப் போய்விடாமல் ஓர் இடத்தில் இருக்கட்டும். கை கழுவும்வரை வெற்றிலையும் வேண்டாம், சுருட்டும் வேண்டாம், தேத்தண்ணியும் வேண்டாம்.

இனி வைத்தியசாலை வாசல். இந்தப் பகுதி பிரதேச வைத்தியசாலைகளில் வேலை செய்யும் இளம் வைத்தியருக்கும் தாதியருக்கும் என்றாலும் ரீச்சரும் வாசிக்கலாம். கதிர்வீச்சு நோயாளி என்றதும் நாம் இரண்டு விதமானவர்களைப் போட்டுக் குழப்புகிறோம். அடுப்புக்குக் கிட்ட நின்றவருக்கு வெக்கை பட்டிருக்கும், ஆனால் அவரைத் தொட்டால் உங்களுக்குச் சுடாது. அடுப்புச் சாம்பல் மேலெல்லாம் கொட்டியவரைத் தொட்டால் உங்கள் கையிலும் சாம்பல் ஒட்டும், தட்டிக் கழுவினால் போய்விடும். மாயாபுரித் தொழிலாளரில் பெரும்பாலோர் முதல் வகை. கொயானியாச் சனத்தில் பலர் இரண்டாம் வகை. முதல் வகை நோயாளியால் விடுதியில் எவருக்கும் ஒரு சொட்டு ஆபத்தும் கிடையாது. இரண்டாம் வகையினரைக் கவனிக்க சத்திரசிகிச்சைக்குப் போடும் அங்கி, தொப்பி, முகக்கவசம், இரட்டைக் கையுறை, கால்மூடி போதும். கர்ப்பிணித் தாதியரை வேறு வேலைக்கு விடுங்கள். காயத்துக்குள் உலோகத் துண்டு ஏதும் தெரிந்தால் கையால் எடுக்காமல் நீண்ட இடுக்கியால் எடுத்துத் தூரத்தில் வையுங்கள்.

அதனால் இரத்தம் ஓடுகிற, மூச்சுத் திணறுகிற ஒருவரைக் கதிர்வீச்சு என்று வாசலில் நிறுத்தி வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. மூச்சு, இரத்தப்போக்கு, அதிர்ச்சி ஆகியவற்றை முதலில் பாருங்கள். உடுப்பை அந்த நேரத்திலேயே வெட்டிக் கழற்றி, ஆளை இரண்டு படுக்கை விரிப்பில் சுற்றினால் தூசி வெளியே பரவாது. கழுவுதல் பிறகு. கதிர்வீச்சு யாரையும் மணித்தியாலக் கணக்கில் கொல்வது மிக அபூர்வம். இரத்தப்போக்கு நிமிடக் கணக்கில் கொன்றுவிடும்.

இங்கே ஜப்பானின் ஃபுகுஷிமா அணுவுலை விபத்தை ஞாபகப்படுத்தவேண்டும். 2011 மார்ச்சில் அங்கே கடும் கதிர்வீச்சு நோயால் ஒருவரும் சாகவில்லை. ஆனால் ஆலைக்கு அண்மையிலிருந்த ஃபுதாபா வைத்தியசாலை, முதியோர் இல்லம் போன்ற இடங்களிலிருந்து படுத்த படுக்கையாயிருந்தவர்களை அவசர அவசரமாக பஸ்களில் ஏற்றினார்கள். சேலைனும் இல்லை, கூடப்போக வைத்தியரும் போதவில்லை, பல மணித்தியாலப் பயணம். அந்த வெளியேற்றத்திலும் அதை அடுத்தும் ஐம்பது பேரளவில் இறந்தார்கள். இடப்பெயர்வு என்றால் என்ன என்று தெரிந்த எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நடக்கமுடியாத நோயாளியைக் கொண்டுபோக வாகனமும் ஆளும் மருந்தும் ஆயத்தமாகும்வரை, கதவை அடைத்து உள்ளே வைத்திருப்பது பெரும்பாலும் பாதுகாப்பானது.

எவ்வளவு பட்டது என்பதை அறியப் பெரிய கருவி தேவையென்று நினைத்துப் பயப்படவேண்டாம். ஒரு மணிக்கூடும் ஓர் இரத்தப் பரிசோதனையும் முதல் இரண்டு நாளுக்குப் போதும். சத்தி எப்போது தொடங்கியது என்று கேட்டு எழுதுங்கள். பத்து நிமிடத்துக்குள் தொடங்கினால் 8 கிரேக்கு மேல் (கிரே என்பது உடம்பு வாங்கிய கதிர்வீச்சை அளக்கும் அலகு), நிலைமை மிக மோசம். அரை மணி முதல் ஒரு மணிக்குள் என்றால் 4 முதல் 6 கிரே. ஒன்று, இரண்டு மணித்தியாலத்துக்குள் என்றால் 2 முதல் 4. இரண்டு மணித்தியாலம் கழித்து என்றால் 2 கிரேக்குக் கீழ், பெரும்பாலும் தப்புவார்கள். சிகிச்சை எதுவுமின்றி 4 கிரே அளவு பட்டால் பாதிப் பேர் இரண்டு மாதத்துக்குள் இறக்கலாம். பயத்தினாலும் சத்தி வரும் என்பதால் இதை மட்டும் நம்பக்கூடாது. ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை முழு இரத்த எண்ணிக்கை எடுத்து, நிணநீர்க்கலம் எவ்வளவு வேகமாக விழுகிறது என்று பாருங்கள். இந்தப் பரிசோதனை ஊர் வைத்தியசாலைகளுக்குப் பழகிப்போன ஒன்று.

அதில் ஒரு சிக்கலும் உண்டு. எங்கள் பக்கம் வெள்ளணு குறைந்தவுடன் எல்லோர் வாயிலும் வருவது டெங்கு. ஒரே கடையில், ஒரே பட்டறையில் வேலை செய்யும் இருவர் மூவருக்கு, காய்ச்சலில்லாமல் சத்தி வந்து, சில நாள் சுகமாயிருந்து, பிறகு மயிர் கொட்டி, வெள்ளணு விழுந்து, சுட்ட ஞாபகமே இல்லாமல் உள்ளங்கையிலோ தொடையிலோ எரிகாயம் வெளிக்கிட்டால், 'நீங்கள் என்ன இரும்பு உடைத்தீர்கள்?' என்று கேளுங்கள். சமுத் பிரகானில் வைத்தியர்களுக்குச் சந்தேகத்தைத் தந்தவை இப்படிப்பட்ட அறிகுறிகள்தான். இடையில் வரும் அந்தச் சுகமான நாட்கள்தான் எல்லோரையும் ஏமாற்றுபவை. நோயாளி 'சுகம், வீட்டை போறன்' என்பார். விடாதீர்கள்.

சிகிச்சையில் மந்திரம் ஒன்றுமில்லை. சத்தி மருந்து, நீர், தொற்று அண்டாத தனியறை, தேவைக்கு அன்ரிபயோட்டிக், இரத்தமும் குருதிச் சிறுதட்டும். வெள்ளணுவைக் கூட்டும் ஃபில்கிராஸ்டிம் ஊசி இயன்றவரை விரைவாகத் தொடங்கவேண்டும். புற்றுநோய் வைத்தியர்களுக்கு அது அன்றாட மருந்து, ஆகவே தெல்லிப்பழைப் புற்றுநோய்ப் பிரிவையும் யாழ். போதனா வைத்தியசாலையையும் முதல் நாளே தொலைபேசியில் பிடியுங்கள். எலும்பு முறிவு போன்ற சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் 36 முதல் 48 மணித்தியாலத்துக்குள் முடித்துவிடவேண்டும். அதற்குப் பிறகு காயம் ஆறாது, இரத்தம் தேறும்வரை காத்திருக்கவேண்டி வரும். எலும்பு மச்சை மாற்றினால் சரி என்று சிலர் நினைக்கிறார்கள். செர்னோபிலில் 13 பேருக்குச் செய்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. சீசியம் உடம்புக்குள் போயிருந்தால் புருசியன் நீலம் என்ற மருந்து குடலில் அதைப் பிடித்து வெளியேற்றும், கொயானியாவில் 46 பேருக்குக் கொடுத்தார்கள். அது ஒவ்வொரு மருந்துக்கடையிலும் இருக்கும் சாமான் அல்ல, கொழும்பு மூலம்தான் கேட்கவேண்டும்.

கழுவுவதைப் பற்றி எழுதும்போதுதான் எங்கள் ஊர் வேறு ஊர் என்று உணர்கிறேன். உடுப்பைக் கழற்றினாலே மேலே ஒட்டியதில் 90 வீதம்வரை போய்விடும். மிச்சத்துக்குச் சவர்க்காரமும் வெதுவெதுப்பான அல்லது சாதாரணத் தண்ணீரும். சுடுதண்ணீர் வேண்டாம். தும்புப் பொச்சை எடுத்து உரஞ்சுவதும் வேண்டவே வேண்டாம், தோல் கீறினால் தூசிக்கு வழி திறந்துவிடும். தலைக்கு ஷாம்பு போடலாம், கண்டிஷனர் போட்டால் தூசி மயிரில் பிடித்துக்கொள்ளும். காயமிருந்தால் முதலில் அதைக் கழுவி மூடுங்கள். நகம் வெட்டி, மூக்குச் சீறி, கண்ணைக் கழுவினால் முடிந்தது.

வெளிநாட்டுப் புத்தகங்களில் இவ்வளவும்தான் இருக்கும். நாங்கள் குளிப்பது கிணற்றடியில். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். வெடிப்பும் பொந்தும் உள்ள அந்தக் கல்லுக்குள் மேலே ஊற்றியது கீழே போக அதிக காலம் எடுக்காது. சுன்னாகத்து மின்நிலைய எண்ணெய் ஊர்க் கிணறுகளில் மிதந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். ஆகவே கதிரியக்கத் தூசி பட்டவரைக் கிணற்றுக்கட்டுக்குக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். வாளியில் தண்ணீரை அள்ளிக்கொண்டு எட்டப்போய், முடிந்தால் ஒரு பெரிய தொட்டிக்குள் நிற்கவைத்து ஊற்றுங்கள். தொட்டி கிடைக்கவில்லையென்று கழுவாமல் விடவும் வேண்டாம், ஆள்தான் முக்கியம். கழற்றிய உடுப்பை இரண்டு பொலித்தீன் பைக்குள் கட்டி, ஒருவரும் போகாத மூலையில் வைத்து அதிகாரிகளுக்குக் காட்டுங்கள். பின்வளவில் குப்பையோடு சேர்த்து நெருப்பு வைப்பது எங்கள் வழக்கம். இதற்கு மட்டும் வைக்காதீர்கள், புகையோடு ஊரெல்லாம் போகும்.

இனித் தம்பியின் குளிசை. பொட்டாசியம் அயடைட் தைரொயிட்டை நல்ல அயடீனால் நிரப்பிவிடும், பிறகு வரும் கதிரியக்க அயடீனுக்கு அங்கே இடமிராது. அவ்வளவுதான் அதன் வேலை. சீசியத்துக்கும் கோபால்ட்டுக்கும் இரும்புக்கடை விபத்துக்கும் அது ஒன்றும் செய்யாது. கதிரியக்க மேகம் வருவதற்கு முந்திய 24 மணித்தியாலத்துக்குள், அல்லது வந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் எடுப்பது சிறந்தது. எட்டு மணித்தியாலம்வரையும் பலனுண்டு. ஒரு நாள் கடந்து எடுத்தால் நன்மையைவிடத் தீமை கூடலாம். வளர்ந்தவர்களுக்கு 130 மில்லிகிராம், 3 முதல் 12 வயதுவரை 65, அதற்குக் கீழே ஒரு மாதம்வரை 32, பிறந்த குழந்தைக்கு 16. பொதுவாக ஒரு தரம் போதும். முதலில் பிள்ளைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார். 40 வயது தாண்டியவர்களுக்குப் பலன் குறைவு, தைரொயிட்டு நோயுள்ளவர்களுக்குக் கெடுதலும் செய்யும். சுகாதார அதிகாரிகள் சொல்லும்வரை ஒருவரும் விழுங்கக்கூடாது. பள்ளிக்கூட அலுமாரியில் வைத்திருந்து நீங்களாகப் பங்கிடும் எண்ணம் இருந்தால் அதைக் கைவிடுங்கள்.

2011 மார்ச்சில் சீனாவில் அயடீன் உப்பை மூட்டை மூட்டையாக வாங்கினார்கள். ஒரு கிலோ உப்பில் 20 மில்லிகிராம் அயடீன் என்று கணக்குப் போட்டால், ஒரு குளிசையிலுள்ள அயடீனின் அளவுக்கு 5 கிலோ உப்புத் தின்னவேண்டும். அதே மாதம் பிலிப்பைன்ஸில் பிபிசி பெயரில் ஒரு போலிக் குறுஞ்செய்தி ஓடியது, கழுத்தில் பெற்றடீன் பூசச் சொல்லி. பூசினாலும் பயனில்லை, குடித்தால் நஞ்சு. எங்கள் வட்ஸ்அப் குழுக்களில் இதைவிடத் திறமானவை வரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பிள்ளைகளைக் காக்க விரும்பினால் குளிசையைவிடப் பாலில் கண்ணை வையுங்கள். செர்னோபிலைச் சுற்றிப் பிள்ளைகளுக்குத் தைரொயிட்டுப் புற்றுநோய் வந்ததற்கு முக்கிய காரணம், புல்லில் விழுந்த அயடீன் 131 பசுவுக்குள் போய்ப் பாலாக வந்ததும் அதைத் தடுக்காமல் விட்டதும்தான். 2005ஆம் ஆண்டுவரை 6,000க்கு மேற்பட்டவர்கள். இறந்தவர்கள் மிகச் சிலரே, ஆனால் தடுத்திருக்கக்கூடிய நோய் அது. அயடீன் 131 எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகிவிடும், மூன்று மாதத்தில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. அந்தக் காலத்துக்குப் பிள்ளைகளுக்குப் பால்மா. இந்த விஷயத்தில் எங்கள் பால்மாப் பழக்கம் நல்லதாகவே முடியும். மாட்டைக் கொட்டிலில் கட்டி, மூடி வைத்த வைக்கோலைப் போடுங்கள். திறந்த கிணற்றைத் தறப்பாளால் மூடி, மழைத்தண்ணீர் பிடிப்பதை நிறுத்துங்கள். மூடிய கிணற்றின் நீர் அன்றே கெட்டுவிடாது. தோட்டத்து முளைக்கீரை, வல்லாரையைச் சோதித்துச் சொல்லும்வரை தொடாதீர்கள். மண்ணுக்குள் இருக்கும் வெங்காயமும் மரவள்ளியும் அந்தளவு ஆபத்தில்லை, மண் போகக் கழுவித் தோலுரித்தால் போதும். அறிவித்தல் வந்தால் வீட்டுக்குள் போய்க் கதவு யன்னலை அடையுங்கள். ஓட்டு வீட்டைவிடச் சீமெந்துக் கூரையுள்ள அறை நல்லது. பங்கர் வெட்டவேண்டாம்.

பிள்ளைகளைப் பற்றிக் கேட்டதால் இன்னொன்று. ஃபுகுஷிமாவிலிருந்து இடம்பெயர்ந்த பிள்ளைகளைப் புதிய பள்ளிக்கூடங்களில் சகமாணவர் 'கிருமி' என்று கேலிசெய்து வதைத்த சம்பவங்கள் வெளியே வந்தன. அச்சுவேலியில் ஓர் இரும்புக்கடைக் குடும்பத்துக்கு இப்படி ஏதும் நடந்தால் அந்த வீட்டுப் பிள்ளை உங்கள் வகுப்புக்கும் வரும். உடம்பு கழுவி, கருவியால் சோதித்து, வைத்தியசாலை விட்ட பிள்ளை அடுத்த நாளே மற்றப் பிள்ளைகளோடு ஒரே வாங்கிலில் இருக்கலாம், ஒரே போத்தலில் தண்ணீர் குடிக்கலாம். முதல் நாள் நீங்கள் போய்ப் பக்கத்தில் இருங்கள்.